சவுண்ட் என்றால் சத்தம் மட்டும்தானா?

இயந்திர மொழிபெயர்ப்பு ஒன்றைத் திருத்த உட்கார்ந்தபோது கண்ணில் பட்ட வரி: ‘புயலில் சிக்கிய மீனவர்கள் பாதுகாப்பாகவும் ஒலியாகவும் கரை சேர்ந்தனர்.’ மூலத்தில் இருந்தது ‘சேஃப் அண்ட் சவுண்ட்’. பத்திரமாக வந்து சேர்ந்தார்கள், அவ்வளவுதான். சிரித்துவிட்டுத் திருத்தினேன். கொஞ்ச நாளில் இன்னொரு கோப்பில் ‘கூரை ஒலிக்கிறது’ என்று வந்து நின்றது. உறுதியாக இருந்த பாவப்பட்ட கூரை அது.

இயந்திரத்தை மட்டும் குறை சொல்ல முடியாது, நாமும் இதே குழியில்தான் விழுகிறோம். ‘சவுண்ட்’ என்பதைப் பல அர்த்தம் கொண்ட ஒரு சொல் என்று நினைப்பதுதான் முதல் தவறு. அது ஒரே எழுத்துக்கூட்டலுக்குள் வந்து சேர்ந்த நான்கு தனித்தனிச் சொற்கள். நம் ‘ஆறு’ மாதிரி. நதி, எண், ‘சூடு ஆறட்டும்’ மூன்றும் இன்று ஒன்றுபோல ஒலித்தாலும் உறவு கிடையாது. நதிக்கான ஆறு சங்க காலத்தில் ‘யாறு’. தலையெழுத்தை இழந்த பிறகுதான் மற்றதோடு கலந்தது.

அங்கேயும் அதே கதை. சத்தம் என்ற சவுண்ட், லத்தீன் ‘சோனுஸ்’ பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. வந்தபோது கடைசியில் ‘ட்’ கிடையாது. ‘ன்’ ஒலிக்குப் பின்னால் ஒரு ‘ட்’ தானாக ஒட்டிக்கொள்வது ஆங்கிலத்தின் பழைய பழக்கம். இடியைக் குறிக்கும் ‘தண்டர்’ கூட முன்பு ‘துனோர்’தான். நலம், பழுதில்லாதது என்ற சவுண்டோ பழைய ஆங்கிலத்தின் ‘கெசுண்ட்’. முன்னால் இருந்த ‘கெ’ உதிர்ந்துவிட்டது. ஜெர்மன் மொழியில் ‘கெசுண்ட்’ இன்றும் அப்படியே உயிரோடு இருக்கிறது, ஆரோக்கியமான என்ற பொருளில். ஆக ஒன்றுக்கு வால் முளைத்தது, இன்னொன்றுக்குத் தலை போனது, இரண்டும் ஒரே உருவத்தில் வந்து நின்றன.

இது தெரியாமல் கதை கட்டுவதில் நமக்கு ஒரு சுகம். ‘பானையைத் தட்டிப் பார்க்கிறோம், விரிசல் இல்லையென்றால் கணீர் என்கிறது, அதனால்தான் பழுதில்லாததைச் சவுண்ட் என்கிறார்கள்’ என்று ஒருவர் எனக்கு விளக்கினார். அழகான விளக்கம், நானும் சில காலம் நம்பினேன். உண்மையில் பானைக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே இல்லை.

மொழிபெயர்ப்பில் அதிகம் கவிழ்ப்பது இந்த நலம் தரும் சவுண்ட்தான். ‘சவுண்ட் ஸ்லீப்’ குறட்டையோடு தூங்குவதல்ல, ஆழ்ந்த உறக்கம். ‘சவுண்ட் அட்வைஸ்’ நல்ல, நம்பிச் செய்யக்கூடிய ஆலோசனை. உயிலில் வரும் ‘சவுண்ட் மைண்ட்’டுக்கு நம்மிடம் ‘சித்த சுவாதீனம்’ என்ற கம்பீரமான சொல்லே இருக்கிறது. ‘சவுண்ட் பீட்டிங்’ என்றால் செம அடி. அடி விழுந்த சத்தத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை. தர்க்கவியலில் இன்னும் நுணுக்கம்: ‘மீன்கள் எல்லாம் பறக்கும், சுறா ஒரு மீன், ஆகவே சுறா பறக்கும்’ என்பது வடிவத்தில் சரியான வாதம், ஆனால் ‘சவுண்ட்’ ஆன வாதம் அல்ல. அதற்கு ஆரம்பக் கூற்றுகளும் உண்மையாக இருந்தாக வேண்டும். ‘சவுண்ட் புரூஃப்’ என்று இடைவெளி விட்டு எழுதினால் பிழையற்ற நிரூபணம், சேர்த்து எழுதினால் ஒலி புகாதது. கணிதக் கட்டுரையில் இதைக் குழப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சத்தச் சவுண்டிலும் ஒரு கண்ணி உண்டு. ‘தட் சவுண்ட்ஸ் குட்’ என்பதை ‘அது நன்றாக ஒலிக்கிறது’ என்று எழுதுபவர்கள் பெருகிவிட்டார்கள். தமிழில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘நல்லா இருக்கே’, ‘நல்ல யோசனை’ என்போம். ஆங்கிலத்தில் எழுதும்போது இதே இடத்தில் ‘குட்’டுக்குப் பதில் ‘வெல்’ போடுவது தவறு. ‘கோபமாகப் பேசுவதுபோல் தெரிகிறது’ என்பதற்கும் ‘சவுண்ட்ஸ் ஆங்க்ரி’தான், ‘ஆங்க்ரிலி’ அல்ல.

மூன்றாவது சவுண்ட்தான் எனக்குப் பிடித்தது: ஆழம் பார்ப்பது. பழைய பிரெஞ்சின் ‘சோந்தெ’ என்ற வினையிலிருந்து வந்தது. கப்பல் ஓரத்தில் நின்று ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்குவார்கள். கயிற்றில் குறிப்பிட்ட ஆழங்களில் தோல் துண்டு, துணித் துண்டு என்று வெவ்வேறு அடையாளங்கள் இருக்கும், இருட்டிலும் விரலால் தடவியே சொல்லிவிடலாம். குண்டின் அடியில் ஒரு குழி, அதில் விலங்குக் கொழுப்பு அப்பியிருக்கும். மேலே இழுத்தால் மணலோ சிப்பித் துணுக்கோ ஒட்டி வரும், தரை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். ஒரு ஃபேதம் என்பது 6 அடி. மிசிசிப்பி நதியில் 2 ஃபேதம் ஆழத்துக்கான கூவல்தான் ‘மார்க் ட்வைன்’. சாமுவேல் கிளெமென்ஸ் என்ற எழுத்தாளர் புனைபெயராக எடுத்துக்கொண்டது அதைத்தான்.

இங்கே படித்தவர்களே செய்யும் தவறு, ஒலியை அனுப்பி ஆழம் அளப்பதால் இந்தப் பெயர் வந்தது என்பது. அப்படி ஒலியால் அளக்கும் சோனார் கருவியின் பெயரே இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. கயிறு விட்டு ஆழம் பார்த்த சவுண்ட் அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. ஆகவே ‘சவுண்டிங் ராக்கெட்’டை ‘ஒலி ராக்கெட்’ ஆக்காதீர்கள், அது மேல் வளிமண்டலத்தை அளந்து பார்க்கும் ஆய்வு ராக்கெட். பலூனில் பறக்கும் ‘ரேடியோசோண்ட்’ கருவியின் வாலில் இருப்பதும் அதே பிரெஞ்சுச் சொல்தான். திமிங்கிலம் ‘சவுண்ட்’ செய்தது என்றால் கத்தவில்லை, ஆழத்துக்குப் பாய்ந்தது. ஒருவரை ‘சவுண்ட் அவுட்’ செய்வதற்குத் தமிழ் தேடி அலையவே வேண்டாம், ‘ஆளை ஆழம் பார்ப்பது’ என்று நாம் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

நான்காவது நீர்ப்பரப்பு. நீச்சல், நீரிணை என்ற பொருள் கொண்ட ‘சுண்ட்’, ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸிலிருந்து வந்தது. டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே இருக்கும் ஓரெசுண்டில் அது அப்படியே தெரிகிறது. அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் போன்ற பெயர்களை மொழிபெயர்க்காமல் விட்டுவிடுவதே நல்லது. நியூசிலாந்தின் மில்ஃபோர்ட் சவுண்டை நீரிணை என்று எழுதினாலும் பிழைதான். அது பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்த ஃபியோர்ட்.

பேச்சுத்தமிழ் இவற்றில் இரண்டைச் சத்தமில்லாமல் கடன் வாங்கி வைத்திருக்கிறது. ‘ஆள் சவுண்ட் பார்ட்டி, ஆனா சவுண்டே விடமாட்டார்’ என்கிறோம். வசதியைச் சொல்லும் முதல் சவுண்ட் தலை உதிர்ந்த கெசுண்ட், இரண்டாவது வால் முளைத்த சோனுஸ்.