கண்ணுக்குச் சொட்டு மருந்து சரியாக விடுவது எப்படி?

புரை ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும்போது கையில் இரண்டு மூன்று சொட்டு மருந்து பாட்டில்கள் இருக்கும். கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் வந்தவர்களோ பெரும்பாலும் ஆயுள் முழுக்க மருந்து விட வேண்டும். எவ்வளவு நல்ல மருந்தானாலும் கன்னத்தில் வழிந்தால் பயனில்லை. சரியாக விடும் பழக்கம் கைக்கு வர இரண்டு நாள் போதும்.

பாட்டிலைத் திறப்பது

பல பாட்டில்களின் முனை துளையில்லாமல் மூடியே வரும். மூடியின் உட்புறம் சிறு முள் இருக்கும். மூடிக்குக் கீழே வளையம் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, மூடியை இறுகத் திருகுங்கள். முள்ளே துளை போட்டுவிடும். ஊக்கு, தையல் ஊசியால் குத்தவே கூடாது. துளை பெரிதாகி மருந்து கொட்டும், கிருமியும் உள்ளே இறங்கும்.

திறந்த தேதியை லேபிளில் பேனாவால் எழுதுங்கள். பெரும்பாலான பாட்டில்களைத் திறந்து 28 நாளில் தூக்கிப் போட வேண்டும். அட்டையில் அச்சிட்ட காலாவதித் தேதி, திறக்காத பாட்டிலுக்கு மட்டும்தான்.

விடும் முறை

சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு, மருந்து விட்டு 15 நிமிடம் கழித்தே மீண்டும் போடுங்கள். பிரெட்னிசலோன் அசிடேட் போல வெள்ளையாகக் கலங்கிய மருந்தை நன்றாகக் குலுக்குங்கள். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கி, மேலே தண்ணீர்தான் வரும்.

தலையைப் பின்னால் சாய்த்து மேலே பாருங்கள். படுத்துக்கொண்டால் இன்னும் எளிது. கீழ் இமையை ஒரு விரலால் மெல்லக் கீழே இழுத்தால் சிவந்த சிறு பை போல ஒரு பள்ளம் தெரியும். சொட்டு விழ வேண்டிய இடம் அதுதான். கருவிழி மேல் விழுந்தால் கண் சட்டென மூடி மருந்தை வெளியே தள்ளிவிடும்.

பாட்டில் பிடித்த கையை நெற்றியிலோ கன்னத்திலோ ஊன்றிக்கொண்டால் நடுக்கம் குறையும். பாட்டில் முனை இமையிலும் முடியிலும் படக் கூடாது. பட்டால் பாட்டில் முழுக்கக் கிருமி சேரும். ஒரே ஒரு சொட்டு விடுங்கள். அந்தப் பை அதிகபட்சம் ஒரு சொட்டைத்தான் தாங்கும். இரண்டாவது சொட்டு வழிந்து வீணாகும், முதல் சொட்டையும் அடித்துக்கொண்டு போகும்.

அடுத்தது, பலரும் செய்யாமல் தவறவிடும் ஒரு படி. கண்ணாடி முன் நின்று கீழ் இமையின் மூக்கோரத்தைக் கவனியுங்கள். ஊசிமுனை அளவில் ஒரு துளை தெரியும். கண்ணீர் மூக்குக்கு இறங்கும் வழி அது. மருந்தும் அதே வழியில் இறங்கித் தொண்டையில் கசக்கும். அதனால் சொட்டு விட்டதும் இமையை இறுக்காமல் மூடி, கண்ணின் மூக்கோர மூலையை விரலால் 2 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கண்ணைச் சிமிட்டினால் மருந்து மூக்குக்கு வேகமாகப் போகும். கிளாக்கோமாவுக்குத் தரும் டிமோலால் போன்ற மருந்து அப்படி ரத்தத்தில் கலந்தால் ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சிரைப்பு வரலாம், இதயத் துடிப்பும் குறையலாம். ஆஸ்துமாவோ இதய நோயோ இருந்தால் கண் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு மருந்து இருந்தால் நடுவில் 5 நிமிடமாவது இடைவெளி விடுங்கள். தண்ணீர் போன்றது முதலில், கலங்கியது அடுத்து, ஆயின்ட்மென்ட் கடைசியில்.

சொட்டைக் கண்டாலே கண்ணை இறுக்கும் குழந்தைக்கு வேறு வழி உண்டு. மல்லாக்கப் படுக்க வைத்து, மூடிய கண்ணின் மூக்கோரக் குழியில் ஒரு சொட்டு விடுங்கள். கண்ணைத் திறக்கும்போது தானாக உள்ளே போகும்.

கெடுதல் எங்கிருந்து வருகிறது

கண் சிவந்தவுடன் மருந்துக்கடையில் தாமாகவே ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடுவது பெரிய ஆபத்து. சிவப்பு ஒரே நாளில் வடியலாம். ஆனால் தொடர்ந்து விட்டால் வலியே இல்லாமல் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரும். ஹெர்பிஸ் வைரஸ் புண்ணாக இருந்தால் கருவிழியே கெட்டுப்போகும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், வெங்காயச் சாறு எதுவும் கண்ணுக்குள் வேண்டாம்.

கிளாக்கோமா மருந்தை "விட்டும் பார்வை கூடவில்லையே" என்று நிறுத்துபவர்கள் உண்டு. அந்த மருந்து போன பார்வையைத் திருப்பித் தராது. மீதியைக் காப்பதுதான் அதன் வேலை. ஆபரேஷனுக்குப் பிறகு வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ, சீழ் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சொட்டு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று வயதானவர்களுக்குச் சில சமயம் தெரியாது. ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்று லேபிளில் இருக்கும் மருந்தானால் கதவுத் தட்டில் வையுங்கள், உறைபெட்டியில் வேண்டாம். கண்ணில் சில்லென்று பட்டால் விழுந்தது உறுதி.