ராத்திரி அழும் புது நாய்க்குட்டியைத் தூங்க வைப்பது எப்படி?

எங்கள் வீட்டுக்குச் சிப்பிப்பாறைக் குட்டி வந்ததிலிருந்து நண்பர்கள் கேட்கிற முதல் கேள்வி, "ராத்திரி எப்படிச் சமாளிச்சீங்க?" என்பதுதான். பகலெல்லாம் துள்ளி விளையாடுகிற குட்டி, விளக்கை அணைத்ததும் ஊரைக் கூட்டிவிடும். "வாசல்ல கட்டிப் போடு, நாலு நாள் கத்திட்டு அடங்கிடும்" என்பார்கள் பெரியவர்கள். அடங்கும்தான். கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு அடங்கும். தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் ஒட்டிப் படுத்தே வளர்ந்த உயிருக்கு, தனியாகப் படுப்பது அன்றைக்குத்தான் முதல் தடவை. அந்தப் பயத்தைக் கூட இருந்து போக்குகிற வழி இது.

எட்டு வாரம் நிரம்பிய குட்டியை மனதில் வைத்து எழுதுகிறேன். அதைவிடச் சின்னக் குட்டியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், தாயோடு இருக்கட்டும்.

படி 1: காலையிலேயே கூட்டி வாருங்கள்

வீட்டை மோந்து பார்த்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழ ஒரு பகல் வேண்டும். கிளம்பும்போது தாய் படுத்திருந்த சாக்கிலோ துணியிலோ ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். துவைத்துவிடாதீர்கள், ராத்திரி படுக்கையில் அந்த வாசனை இருக்கத்தான் வாங்குகிறோம். அங்கே என்ன சாப்பிட்டதோ அதையே முதல் சில நாள் கொடுங்கள். பசும்பால் வேண்டாம். பல குட்டிகளுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் வயிற்றால் போகும், ராத்திரித் தூக்கமும் போகும்.

படி 2: படுக்கை

கடையில் விற்கும் பஞ்சு மெத்தை எனக்குப் பிடிக்காது. குட்டி பல் முளைக்கும் வயதில் அதைக் கடித்துக் கிழித்துப் பஞ்சை விழுங்கும். பழைய காட்டன் புடவையை மடித்துப் போடுங்கள், துவைத்துக் காயப்போடவும் சுலபம். ஆனால் பீரோவில் பாச்சை உருண்டையோடு கிடந்த புடவையாக இருக்கக் கூடாது. அந்த உருண்டையில் உள்ள நாப்தலீன் நாய்க்கு விஷம்.

ஆரம்பத்தில் உயரமான அட்டைப்பெட்டியே போதும். கம்பிக் கூண்டு வாங்குவதானால் கதவைத் திறந்து வைத்து, பகலில் உள்ளே சோறு வைத்துப் பழக்கிய பிறகே ராத்திரியில் மூடுங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டிக்கொண்டால் ஆபத்து.

வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கச் சொல்லும் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு அது சரி. சென்னையிலும் மதுரையிலும் குட்டி விலகிப் படுக்க வெறுந்தரை கொஞ்சம் இருப்பதுதான் முக்கியம். மார்கழியில் மட்டும், சிப்பிப்பாறை மாதிரி மெலிந்த, குட்டை முடி நாய்க்கு இன்னொரு துணி சேர்த்துப் போடுங்கள்.

படி 3: படுக்கும் முன்

ராத்திரிச் சாப்பாட்டைத் தூங்கப் போவதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். தண்ணீரை நிறுத்த வேண்டாம், நம் ஊர் வெயிலுக்கு அது கொடுமை. படுக்கும் முன் ஒருமுறை சிறுநீர் கழிக்க வையுங்கள்.

படி 4: பக்கத்தில் படுங்கள், பிறகு மெல்ல விலகுங்கள்

இங்கேதான் எல்லாரும் தடுமாறுகிறோம், நானும்தான். பெட்டி உங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். நான் கட்டிலை விட்டுவிட்டுப் பாயில் படுத்தேன். சிணுங்கினால் கையை உள்ளே விட்டு, அதன் முதுகில் வைத்தபடி அசையாமல் இருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். ஒவ்வொரு சிணுங்கலுக்கும் தூக்கி மடியில் போட்டுக்கொண்டால், மடி இல்லாமல் தூங்கப் பழகாது.

அழுகையிலும் வகை உண்டு. படுத்தவுடன் ஏறி இறங்கி இழுக்கும் அழுகை தனிமைக்கானது. நன்றாகத் தூங்கிய குட்டி திடீரென்று எழுந்து, மோந்துகொண்டே சுற்றிச் சுற்றி வந்து முனகினால் சிறுநீருக்கு. சந்தேகமாக இருந்தால் வெளியே கொண்டுபோவதே நல்லது. பெரிய விளக்குப் போடாமல், கொஞ்சாமல், போன வேகத்தில் திரும்பிவிடுங்கள். பேச்சுக் கொடுத்தால் விளையாட்டு நேரம் என்று நினைத்துக்கொள்ளும்.

எத்தனை மாதமோ அதோடு ஒன்று கூட்டினால் வருகிற மணி நேரம்தான் சிறுநீரை அடக்க முடியும் என்பது பொதுக் கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். ஆகவே அலாரம் வைத்து, அது அழுவதற்கு முன்பே நீங்களே எழுப்பிக் கொண்டுபோங்கள். அழுதால்தான் ஆள் வரும் என்ற பாடத்தை அது படிக்காமல் இருக்க, எனக்குத் தெரிந்த சிறந்த வழி இதுதான். படுக்கை நனையாமல் இருந்தால் சில நாளுக்கு ஒருமுறை அலாரத்தைக் கால் மணி நேரம் தள்ளுங்கள்.

நிம்மதியாகத் தூங்கத் தொடங்கிய பிறகு பெட்டியை ஒரு முழம் நகர்த்துங்கள். இரண்டு மூன்று ராத்திரி கழித்து இன்னும் ஒரு முழம், பிறகு அறைக் கதவு, பிறகு ஹால். நன்றாகத் தூங்குகிறதே என்று ஒரே நாளில் ஹாலுக்குக் கொண்டுபோனால் அழுகை முதலிலிருந்து ஆரம்பிக்கும். புது இடத்தில் அழுதால் முந்தின இடத்துக்கே திரும்புங்கள். அதட்டுவது, பெட்டியைத் தட்டுவது, பாத்ரூமில் அடைப்பது எதுவும் வேண்டாம். இருக்கிற பயம்தான் கூடும்.

படி 5: அபார்ட்மெண்டில் சிறுநீருக்கு எங்கே போவது?

தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்கிவிடாதீர்கள். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பால்கனியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தட்டில் நர்சரியில் வாங்கிய சுத்தமான செம்மண்ணைப் பரப்புங்கள், உரம் கலந்தது வேண்டாம். கடையில் கிடைக்கும், சிறுநீரை உறிஞ்சும் பேடுகளைவிட இதுதான் மேல் என்பேன். பேடில் பழகிய குட்டிக்குக் கால்மிதியும் பேடாகவே தெரியும். வீட்டுக்குள் நனைத்துவிட்டால் வினிகர் கலந்த தண்ணீரால் துடையுங்கள். பினாயில் போட்ட ஈரத்தரையைக் குட்டி நக்கும்.

பின்சேர்க்கை

வாந்தி, ரத்தத்தோடு வயிற்றுப்போக்கு, சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்காத சோர்வு இவை இருந்தால் அது பழக்கப் பிரச்சினை அல்ல. விடியும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் பகுதியில் ராத்திரி எந்தக் கால்நடை மருத்துவர் பார்க்கிறார் என்பதைக் குட்டி வரும் முன்பே விசாரித்து வையுங்கள்.

வெள்ளை ராஜபாளையம் குட்டி வைத்திருக்கும் ஒரு வாசகர், "எவ்வளவு குரல் கொடுத்தாலும் அடங்கவில்லை" என்று எழுதியிருந்தார். அந்த இனத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை உண்டு. குட்டி வேறு பக்கம் பார்த்திருக்கும்போது பின்னாலிருந்து கை தட்டிப் பாருங்கள். திரும்பாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேட்காத குட்டிக்கு இருட்டில் உங்கள் குரல் எட்டாது. மங்கலான ஒரு விளக்கை எரியவிடுங்கள். எழுப்பும்போது சட்டென்று தொடாமல், படுக்கையை லேசாகத் தட்டி, மூக்கருகே கையைக் காட்டி, அது விழித்த பிறகு தூக்குங்கள்.