சீனாவில் போன் கையில் இருந்தும் பணம் கட்ட முடியாமல் நிற்பது ஏன்?

சீனாவில் பெரிய மாலானாலும் தெருவோர நூடுல்ஸ் கடையானாலும் பணம் கட்டுவது அலிபே அல்லது வீசாட் பேயில்தான். வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு கார்டுகளையும் இந்த ஆப்களில் சேர்க்கலாம். அப்படியும் போய் இறங்கியதும் திண்டாடுகிறார்கள் என்றால், பெரும்பாலும் கோட்டை விட்டது ஊரிலேயேதான்.

அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விடாதீர்கள். இந்திய வங்கி கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி பொதுவாக மூடியே இருக்கும். வங்கி ஆப்பில் நீங்களேதான் திறந்துவிட வேண்டும். கார்டைச் சேர்க்கும்போது ஓடிபி இந்திய எண்ணுக்கு வரும். சீன சிம் போடுவதற்காக இந்திய சிம்மைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டால் ஓடிபி எங்கே வரும்? இரண்டு சிம்மும் போனில் இருக்கட்டும். ரோமிங் டேட்டாவில் வாட்ஸ்அப், ஜிமெயிலும் ஓடும். இவை சீனாவில் முடக்கப்பட்டவை என்பதால் ஓட்டல் வைஃபையில் ஓடாது.

பெயரிலும் சிக்கல் வரும், அதுவும் இனிஷியல் வைத்து எழுதும் நமக்கு. பாஸ்போர்ட்டில் விரிந்திருக்கும் அப்பா பெயரை ஆப்பில் ஒற்றை எழுத்தாகப் போட்டால் சரிபார்ப்பில் தள்ளிவிடும். பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் அப்படியே போடுங்கள்.

கடையில் இரண்டு முறை உண்டு. கடைக்காரர் ஸ்கேனரை நீட்டினால் ஆப்பில் வரும் உங்கள் க்யூஆர் கோடைக் காட்ட வேண்டும். கல்லா அருகே கடையின் க்யூஆர் கோடு ஒட்டியிருந்தால் நீங்கள் ஸ்கேன் செய்து, தொகையை அடித்து, பணம் போனதை அவருக்குக் காட்ட வேண்டும். உங்கள் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக் காட்டினால் எடுபடாது. அது சீக்கிரமே மாறிவிடும். அந்தப் படத்தை எவருக்கும் அனுப்பவும் கூடாது, உடனே ஸ்கேன் செய்தால் பணம் போய்விடும். உணவகத்தில் ஆர்டர் செய்ய மேசையில் ஒட்டியிருக்கும் கோடில் மேசை எண்ணும் அடங்கியிருக்கும். பக்கத்து மேசையின் கோடை ஸ்கேன் செய்தால் உங்கள் சாப்பாடு அங்கே போய் இறங்கும்.

வெளிநாட்டு கார்டில் ஒரே தடவையில் 200 யுவானுக்கு மேல் கட்டினால் 3 சதவீதக் கட்டணம் உண்டு. உங்கள் வங்கி பிடிப்பது தனி. நண்பருக்குப் பணம் அனுப்புவது, ஆப்பிலேயே அன்பளிப்புப் பணமாகச் சிவப்பு உறை கொடுப்பது எல்லாம் இந்த கார்டில் பொதுவாக நடக்காது. சேர்ந்து சாப்பிட்ட பில்லுக்கு உங்கள் பங்கை நோட்டாகக் கொடுத்துவிடுங்கள்.

சார்ஜ் தீர்ந்தால் எல்லாமே நின்றுவிடும். கடைகளில் வாடகை பவர் பேங்க் கிடைக்கும், ஆனால் அதை எடுக்கவும் ஸ்கேன் செய்தாக வேண்டும். 20 சதவீதம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். சொந்த பவர் பேங்க்கில் சீனாவின் பாதுகாப்புச் சான்றான 3சி முத்திரை இல்லாவிட்டால் சீன உள்நாட்டு விமானத்தில் கொண்டுபோக முடியாது. 2025 ஜூன் 28 முதல் இந்தத் தடை.

ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று அங்கே விதி இருக்கிறது. ஆனால் கல்லாவில் சில்லறை இருப்பது அபூர்வம். 100 யுவான் நோட்டுகளை மட்டும் கட்டாக வாங்காமல் 10, 20 யுவான் நோட்டுகளையும் கேட்டு வாங்குங்கள்.