சிட்னி முதல் லாஸ் ஏஞ்சலஸ் வரை: விமானத் தொலைவையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

தட்டையான வரைபடத்தில் அளவுகோலை வைத்து விமானத் தொலைவை அளக்க முடியாது. இரு நிலையங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி பூமியின் வளைவையொட்டிச் செல்லும் பெருவட்டப் பாதை என்பதால், அதற்கான சூத்திரத்தை எக்செல்லில் அமைத்துக்கொள்வதே நல்லது.

படி 1: அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சிட்னிக்கு −33.946, 151.177, லாஸ் ஏஞ்சலஸுக்கு 33.943, −118.408. தெற்குக்கும் மேற்குக்கும் கழித்தல் குறி கட்டாயம். முதன்முறை அக்குறிகளை நான் விட்டுவிட்டதால் விடை சுமார் 3,000 கி.மீ. என்று வந்தது. பசிபிக் பெருங்கடலை மூன்றரை மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம் என்று கணினி சொல்ல, குற்றமற்ற சூத்திரத்தைச் சந்தேகித்து அரை நாள் அதைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

படி 2: எண்களை ரேடியனுக்கு மாற்றிய பின், அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள் (−0.3118). அடுத்து, அவற்றின் கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள் (−0.0050). இவ்விரண்டின் கூட்டுத்தொகைக்குரிய தலைகீழ் கொசைன் 1.893, அதைப் பூமியின் சராசரி ஆரமான 6,371-ஆல் பெருக்கினால் சுமார் 12,060 கி.மீ. கிடைக்கும். தீர்க்கரேகை வித்தியாசம் 180 பாகையைத் தாண்டி 269.585 என வருவதைக் கண்டு எதையும் மாற்ற வேண்டாம்; கொசைன் அதைத் தானே சரிசெய்துகொள்ளும். விடையைச் சரிபார்க்க கிரேட் சர்க்கிள் மேப்பர் தளம் போதும், ஆனால் அதிலேயே தொடங்கினால் பிழை எங்கே நேர்கிறது என்பது கடைசிவரை புரியாது.

படி 3: தொலைவை மணிக்கு 900 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி கூட்டினால் ஏறக்குறைய 14 மணி நேரம். மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் இத்திசையில் விமானத்தைத் தள்ளிவிடும். திரும்பும்போது எதிர்த்து நிற்பதால் பயணம் ஒரு மணி நேரம் வரை நீளலாம்.

படி 4: புறப்படும் நேரத்தை யூ.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றி, பயண நேரத்தைக் கூட்டிய பிறகே சேருமிட நேரத்துக்கு வாருங்கள். ஜூலையில் சிட்னியில் காலை 11 மணி என்பது யூ.டி.சி. அதிகாலை 1 மணி. 14 மணி நேரத்தைக் கூட்டினால் பிற்பகல் 3. லாஸ் ஏஞ்சலஸில் அது அதே நாள் காலை 8 மணி. புறப்பட்ட நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்வது பிழையன்று. இடையில் சர்வதேசத் தேதிக்கோடு இருக்கிறது.

பின்சேர்க்கை: ஜனவரிப் பயணத்துக்கு இக்கணக்கு இரண்டு மணி நேரம் இடிக்கிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொன்னது சரியே. இரு நகரங்களும் கோடைகால நேரத்தை (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் வழக்கம்) எதிரெதிர் மாதங்களில் கடைப்பிடிப்பதால், ஜூலையில் 17 மணியாக இருக்கும் வித்தியாசம் ஜனவரியில் 19 ஆகிவிடுகிறது. அக்டோபரின் பெரும்பகுதியில் 18.