இறுதியாண்டு புராஜெக்டுக்குத் திட்டம் போடுவது எப்படி? பொறியியல் மாணவர்களுக்கு ஒரு செய்முறை

இறுதியாண்டு புராஜெக்ட் தொடங்கும் பருவம் வந்துவிட்டால் நிபோங் தெபால் பொறியியல் வளாகத்தில் படிக்கும் தம்பி தங்கைகள் வாட்ஸ்அப்பில் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். "அக்கா, சர்க்கியூட் தெரியும், கோடிங்கும் தெரியும். இந்த 14 வாரத்துல இத எப்படி முடிக்கிறதுன்னுதான் தெரியல." நல்ல கேள்வி. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போனால் முதல் வாரத்திலேயே உங்கள் மேலாளரும் இதையேதான் வேறு விதமாகக் கேட்பார்.

மலேசியாவில் பொறியியல் பட்டங்களை அங்கீகரிக்கும் மன்றம், பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் திறன்களில் திட்ட மேலாண்மையையும் வைத்திருக்கிறது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2009-இல் நாம் முழு உறுப்பினரானோம். அந்த ஒப்பந்தத்தில் உள்ள எல்லா நாடுகளும் எதிர்பார்க்கும் திறன் இது. ஆனால் ஒரு பாடத்தில் சிலைடு பார்த்தால் மட்டும் இது கைக்கு வராது. உங்கள் சொந்த புராஜெக்டிலேயே பழக வேண்டும்.

நான் இங்கே எடுத்துக்கொள்ளும் உதாரணம், ஆற்றோரத்தில் வைக்கும் நீர்மட்ட எச்சரிக்கைக் கருவி. 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பினாங்குக்காரர்களுக்கு இது ஏன் தேவை என்று விளக்க வேண்டியதில்லை. சென்சார், ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கணினிப் பலகை), சோலார் தகடு, பெட்டி, கைப்பேசிக்குச் செய்தி. மூன்று பேர் கொண்ட குழு என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: எப்போது "முடிந்தது" என்று எழுதுங்கள்

"நீர்மட்டத்தைக் கண்காணிக்கும் கருவி" என்று மட்டும் எழுதினால் அது எப்போதும் முடியாது. "2 மீட்டர் தூரம் வரை அளக்கும், பிழை 2 சென்டிமீட்டருக்குள், மழையில் நனைந்தாலும் 7 நாள் ஓடும், மட்டம் தாண்டினால் 1 நிமிடத்துக்குள் செய்தி வரும்" என்று எழுதுங்கள். ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்ல முடிய வேண்டும். எண் போட்டு எழுதும்போதுதான் கேள்விகள் எழும். தண்ணீர் புகாத மலிவு அல்ட்ராசோனிக் சென்சார்கள் (ஒலியலையால் தூரம் அளப்பவை) சுமார் 20 சென்டிமீட்டருக்குக் கிட்டத்தில் இருப்பதை அளக்காது. அப்படியானால் கருவியை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது? இது முதல் வாரத்தில் எழ வேண்டிய கேள்வி.

கருவி எதைச் செய்யாது என்பதையும் எழுதி, மேற்பார்வையாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். மின்னஞ்சலில் "சரி" என்று ஒரு வரி வந்தால் போதும்.

படி 2: வேலைகளை உடையுங்கள்

ஒட்டுத்தாள் ஒரு கட்டு வாங்கி மூவரும் ஒரு மேசையில் உட்காருங்கள். ஒரு தாளுக்கு ஒரு வேலை. மாமாக் கடையே போதும், தே தாரிக் குடித்துக்கொண்டே செய்யலாம். ஒரு வேலை இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதை இன்னும் உடைக்க வேண்டும். அறிக்கை எழுதுவது, போஸ்டர் அச்சடிப்பது, மேற்பார்வையாளர் வரைவைப் படித்துத் திருப்பித் தருவது, இவையும் வேலைகள்தாம். எல்லாக் குழுக்களும் விட்டுவிடுவது இந்தக் கடைசி ஒன்றைத்தான்.

படி 3: எத்தனை நாள்?

ஒரே எண்ணைச் சொல்லாதீர்கள். எல்லாம் நன்றாக நடந்தால், வழக்கமாக நடந்தால், மோசமாக நடந்தால் என்று மூன்று எண் சொல்லுங்கள். நடு எண்ணை 4-ஆல் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, 6-ஆல் வகுக்க வேண்டும். கோடிங்குக்கு 10, 13, 22 என்று சொன்னால் 10 + 52 + 22 = 84, வகுத்தால் 14 நாள். இந்த முறை 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தில் பிறந்த பெர்ட் (PERT) என்ற திட்டமிடல் முறையிலிருந்து வந்தது. எனக்கு இதில் பிடித்தது வகுத்து வரும் விடை அல்ல, அந்த மூன்றாவது எண். "ஏன் 22?" என்று கேட்டால், நண்பர் தனக்கு என்ன பயம் என்று சொல்வார். அந்தப் பயத்தை அப்படியே, எதெல்லாம் தவறிப்போகலாம் என்ற ஒரு பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 4: எது எதற்காகக் காத்திருக்கிறது?

எனக்குப் பிடிபட அதிக நாள் எடுத்த படி இது. அதனால் மெதுவாகப் போகிறேன்.

பெரும்பாலான மாணவர்கள் நேரே கேன்ட் சார்ட் வரையப் போய்விடுகிறார்கள். ஹென்றி கேன்ட் 1910-களில் பரப்பிய அந்தக் கட்டை வரைபடம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வெறும் கட்டைகளை வரிசையாக வைத்தால், ஒன்று தள்ளிப்போனால் வேறு எதெல்லாம் தள்ளிப்போகும் என்று தெரியாது. முதலில் காகிதத்தில் இப்படி எழுதுங்கள்:

அ. தேவைகளை முடிவு செய்தல், 5 நாள்
ஆ. சர்க்கியூட் வரைதல், 8 நாள், அ முடிந்த பிறகு
இ. பிசிபி (அச்சிட்ட சர்க்கியூட் பலகை) ஆர்டர் போட்டு வந்து சேர்தல், 12 நாள், ஆ முடிந்த பிறகு
ஈ. கோடிங், பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் செருகிச் சோதிக்கும் பலகை), 14 நாள், அ முடிந்த பிறகு
உ. பெட்டி வரைந்து அச்சிடுதல், 6 நாள், ஆ முடிந்த பிறகு (பலகையின் அளவு தெரிய வேண்டும்)
ஊ. பொருத்துதல், 3 நாள், இ, ஈ, உ மூன்றும் முடிந்த பிறகு
எ. சோதனை, 10 நாள், ஊ முடிந்த பிறகு

இப்போது தொடக்கத்திலிருந்து கடைசி வரை போகும் ஒவ்வொரு வழியையும் கூட்டுங்கள்.

அ, ஆ, இ, ஊ, எ வழி: 5 + 8 + 12 + 3 + 10 = 38 நாள்.
அ, ஈ, ஊ, எ வழி: 5 + 14 + 3 + 10 = 32 நாள்.
அ, ஆ, உ, ஊ, எ வழி: 5 + 8 + 6 + 3 + 10 = 32 நாள்.

மிக நீளமான 38 நாள் வழிதான் கிரிட்டிகல் பாத். 1957-இல் டூபான்ட் நிறுவனமும் ரெமிங்டன் ராண்டும் சேர்ந்து, தொழிற்சாலைப் பணிகளைத் திட்டமிட உருவாக்கிய முறை இது. அந்த வழியில் எந்த வேலை ஒரு நாள் தாமதமானாலும் முழு புராஜெக்டும் ஒரு நாள் தாமதமாகும். மற்ற இரண்டு வழிகளிலும் 6 நாள் இடைவெளி இருக்கிறது. இதை ஸ்லாக் என்பார்கள்.

கொஞ்சம் நின்று இதைப் பாருங்கள். பட்டியலிலேயே பெரிய வேலை கோடிங், 14 நாள். குழுவில் கெட்டிக்காரரை அதில்தான் போடுவீர்கள், கவலையும் அதைப் பற்றித்தான் இருக்கும். ஆனால் கோடிங் 6 நாள் பிந்தினாலும் முடிவு நாள் அசையாது. யாருமே கை வைக்காத பிசிபி காத்திருப்புதான் 38 நாளைத் தீர்மானிக்கிறது. இட்லி மாவு புளிப்பது போலத்தான் இது. எத்தனை பேர் அடுப்படியில் நின்றாலும் அந்த நேரம் குறையாது, முந்திய நாளே அரைத்து வைப்பதுதான் ஒரே வழி. ஆகவே முதல் இரண்டு வாரம் கெட்டிக்காரர் கோடிங்கில் அல்ல, சர்க்கியூட் வரைவதில் கைகொடுக்க வேண்டும். அது 8 நாளிலிருந்து 5 நாளானால் முழு புராஜெக்டும் 35 நாளாகிவிடும்.

இன்னொன்று. இந்த வழி மாறக்கூடியது. கோடிங் 14 நாளிலிருந்து 21 நாளானால் அந்த வழி 39 நாள். இப்போது கிரிட்டிகல் பாத் அதுதான். எனவே ஒரு முறை வரைந்து சுவரில் ஒட்டிவிட்டால் போதாது. வாரம் ஒரு முறை மறுபடி கூட்டிப் பாருங்கள், 5 நிமிட வேலை.

படி 5: நம் ஊர் நாட்காட்டியில் வையுங்கள்

38 நாள் என்றால் வேலை நாள். அதை நாட்காட்டியில் வைக்கும்போது தீபாவளி, சீனப் புத்தாண்டு, தைப்பூசம், நோன்புப் பெருநாள், பருவ நடு விடுமுறை, தேர்வு வாரம் எல்லாவற்றையும் முதலில் சிவப்பில் அடியுங்கள். சீனப் புத்தாண்டு இங்கே இரண்டு நாள் பொது விடுமுறை. ஆனால் சீனாவில் பிசிபி செய்யும் ஷென்ஜென் பக்கத்துத் தொழிற்சாலைகள் ஒரு வாரத்துக்கு மேலேயே மூடிக் கிடக்கும், அதற்கு முன்பே ஆர்டர்களும் குவிந்துவிடும். 2027-இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6. ஜனவரி கடைசியில் பிசிபி ஆர்டர் போடலாம் என்று நினைத்திருந்தால் இப்போதே முன்னுக்குத் தள்ளுங்கள்.

உள்ளூரில் கிடைப்பதை உள்ளூரில் வாங்குங்கள். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு புடு பக்கம் ஜாலான் பாசாரில் மின்னணுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பினாங்குக்காரர்களுக்கு புக்கிட் மெர்தாஜாமில் சைட்ரான் என்ற மின்னணுச் சாமான் கடை இருக்கிறது. ஈஎஸ்பி32 போன்ற மலிவான பலகைகளை எப்போதும் இரண்டாக வாங்குங்கள், ஒன்று எரிந்தால் மறுநாளே வேலை தொடரும். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்குவோர் கவனிக்க: 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: கருவிகள், என் விருப்பம்

கூகல் ஷீட்ஸ். மாணவர் குழுவுக்கு அதைவிட நல்லது இல்லை என்பது என் உறுதியான கருத்து. வேலை, யார், எதற்குப் பிறகு, எத்தனை நாள், இப்போது எந்த நிலை என்று ஐந்து பத்திகள் போதும். அறிக்கையில் போட கேன்ட் சார்ட் வேண்டுமென்றால் கேன்ட்புராஜெக்ட் இலவசம், வேலைகளுக்கிடையே அம்புக்குறி போட்டால் கிரிட்டிகல் பாத்தைக் கணக்கிட்டுக் காட்டும். மைக்ரோசாப்ட் புராஜெக்ட் மூன்று பேருக்கு அதிகப்படி. வேலைகளை அட்டைகளாக வைக்கும் ட்ரெல்லோ பிடித்தவர்கள் பயன்படுத்தலாம், ஆனால் எது எதற்காகக் காத்திருக்கிறது என்பதை அதன் அட்டைகள் தாமாகக் காட்டா. குறிப்பெழுதும் செயலியான நோஷனை நான் பரிந்துரைப்பதில்லை, பக்கத்தை அலங்கரிப்பதிலேயே ஒரு மாலை போய்விடும்.

வாட்ஸ்அப் குழு பேச மட்டும். அங்கே எடுக்கும் முடிவை அன்றே ஷீட்டில் தேதியோடு ஒரு வரி எழுதுங்கள்.

படி 7: வாரக் கூட்டமும், நடுவில் வரும் மாற்றமும்

வாரம் ஒரு முறை, 20 நிமிடம், அதே நாள், அதே நேரம். ஒவ்வொருவரும் முடிந்தது, அடுத்தது, தடை என்று மூன்றைச் சொன்னால் போதும். "90 விழுக்காடு முடிந்தது" என்பதை ஏற்காதீர்கள். முடிந்தது அல்லது முடியவில்லை.

9-ஆம் வாரத்தில் மேற்பார்வையாளர், "இதற்கு ஒரு செயலியும் செய்தால் நன்றாக இருக்குமே" என்பார். அவர் சொல்வது நல்ல யோசனையாகவும் இருக்கலாம். மறுக்காதீர்கள், உடனே தலையாட்டவும் வேண்டாம். "செய்யலாம் டாக்டர். 10 நாள் ஆகும், சோதனை நாள்களிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். எதை விடலாம்னு நீங்களே சொல்லுங்க" என்று ஷீட்டைத் திறந்து காட்டுங்கள். விரிவுரையாளர்கள் இதை மதிப்பார்கள். வேலைக்கு நேர்காணல் போகும்போது சொல்லவும் இதைவிட நல்ல அனுபவம் உங்களுக்கு இருக்காது.

பின்சேர்க்கை 1: சிஏபிஎம் (CAPM) என்ற தொடக்கநிலைத் திட்ட மேலாண்மைச் சான்றிதழ் எடுக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 23 மணி நேரத் திட்ட மேலாண்மைப் படிப்பு இருந்தால் மாணவர்களும் எழுதலாம், வேலை அனுபவம் கேட்பதில்லை. ஆனால் முதலில் ஒரு புராஜெக்டை மேலே சொன்னபடி நடத்திப் பாருங்கள். பிறகு அந்தப் பாடம் தானாகப் புரியும்.

பின்சேர்க்கை 2: குழுவில் ஒருவர் வேலையே செய்யாவிட்டால்? ஷீட்டில் அவர் பெயரில் உள்ள வேலைகளைப் பாருங்கள். அவை கிரிட்டிகல் பாத்தில் இருந்தால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல் அன்றே பேசி மாற்றிக்கொடுங்கள். இடைவெளி உள்ள வேலையென்றால் அந்த இடைவெளி தீரும் தேதியைச் சொல்லி அதுவரை விடுங்கள். வீட்டில் ஏதாவது நடந்திருக்கலாம், முதலில் அதைக் கேளுங்கள்.

பின்சேர்க்கை 3: ஏற்கெனவே 8-ஆம் வாரம், திட்டமே இல்லை என்பவர்களுக்கு. விளக்கக்காட்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அறிக்கைக்கு ஒரு வாரம், சோதனைக்கு ஒரு வாரம் கழியுங்கள். மீதியிருக்கும் நாளில் புதிய பிசிபி வந்து சேருமா? சேராது என்றால் துளைப்பலகையில் சாலிடர் செய்துவிடுங்கள், அது ஒரு நாளில் முடியும். பிறகு படி 1-இல் எழுத வேண்டிய எண்களை அந்தப் பலகைக்கு ஏற்ப எழுதி, இன்றே மேற்பார்வையாளரைப் போய்ப் பாருங்கள்.