பிரிசைடிங் ஆபீசரா (ஓட்டுச்சாவடிக்குப் பொறுப்பானவரா) முதல் தடவை போறவங்க பண்ற தப்பு

போன எலக்‌ஷன் ட்ரெயினிங்ல பக்கத்துல உக்காந்திருந்த புது டீச்சர் ஒருத்தங்க, "மாக் போல் சர்டிபிகேட்ல ஏஜெண்ட்டுங்க கையெழுத்தை முதல்லயே வாங்கிட்டா காலைல டைம் மிச்சம்தானே சார்"னு கேட்டாங்க. நிஜ ஓட்டுக்கு முன்னாடி வேட்பாளர்களோட ஏஜெண்ட்டுங்க எதிர்ல மெஷினைச் சரிபாக்கப் போடற சோதனை ஓட்டுதான் மாக் போல், அது சரியா முடிஞ்சதுன்னு அவங்க கையெழுத்து போடறது அந்த சர்டிபிகேட். திக்குனு ஆச்சு, நான் முதல் டியூட்டில பண்ணின அதே வேலை. மை எந்த விரல்ல வைக்கிறது, வயரை எதுல சொருகுறதுங்கறதெல்லாம் ட்ரெயினிங்லயே மூணு தடவை சொல்லிடுவாங்க, அதை விட்டுடறேன்.

க்ளியருக்கு முன்னாடி கையெழுத்து

7 மணிக்கு ஓட்டுன்னா அஞ்சரைக்கு மாக் போல். ஏஜெண்ட் யாரும் வரலைன்னா 15 நிமிஷம் பாத்துட்டு ஆரம்பிச்சிடலாம். நோட்டாவையும் சேத்து எல்லா பட்டனும் ஒரு தடவையாவது அமுக்கி குறைஞ்சது 50 ஓட்டு போட்டுப் பாக்கணும், அப்புறம் மெஷின்ல க்ளோஸ், ரிசல்ட், க்ளியர்னு மூணு பட்டனை வரிசையா அமுக்கணும், க்ளியர்தான் சோதனை ஓட்டை அழிக்கறது. தப்பு நடக்கறது இந்த கடைசி ரெண்டுக்கும் நடுவுலதான். ரிசல்ட் வந்துடும், ஏஜெண்ட்டுங்க கணக்கு சரின்னு தலையாட்டிடுவாங்க, வெளிய வரிசை வேற சத்தம் போட ஆரம்பிச்சிருக்கும், நமக்கு வேலை முடிஞ்ச மாதிரி ஒரு நிம்மதி வந்துடும் பாருங்க, அதுதான் வில்லங்கம்.

எனக்கும் அப்படித்தான். ஆறே முக்காலுக்கு எல்லாரும் கையெழுத்து போட்டாச்சு, நான் மெஷின்ல வைக்கிற பச்சை பேப்பர் சீலை கையில எடுத்துட்டேன். ஏஜெண்ட்டா வந்திருந்த பெரியவர் ஒருத்தர், "டோட்டலை ஒருக்கா அமுக்கிக் காட்டுங்க சார்"னார். மெஷின்ல மொத்தம் எத்தனை ஓட்டு இருக்குன்னு காட்டற பட்டன் அது. எரிச்சலோட அமுக்கினேன்.

50.

க்ளியரை அமுக்காமலே விட்டிருக்கேன். அவர் கேக்கலைன்னா அந்த 50-ம் நிஜ ஓட்டோட கலந்திருக்கும், சாயங்காலம், ஓட்டு போட வர்றவங்க கையெழுத்து போடற 17-ஏ ரிஜிஸ்டர்ல ஒரு கணக்கு மெஷின்ல ஒரு கணக்கு. எண்ணுற அன்னிக்கு அந்த மெஷினை ஓரமா வெச்சிடுவாங்க, ஜெயிச்ச வித்தியாசம் அந்த பூத்ல விழுந்த ஓட்டைவிட கம்மின்னா விவிபேட் (யாருக்கு ஓட்டு விழுந்ததுன்னு சீட்டு அடிச்சுக் காட்டற பெட்டி) சீட்டை எண்ண வேண்டி வரும்.

அதுலயும் ஒரு கூத்து இருக்கு. க்ளியர் அமுக்கினா சுத்தமாகறது ஓட்டுக் கணக்கைச் சேத்து வைக்கிற கண்ட்ரோல் யூனிட் மட்டும்தான், விவிபேட் பெட்டிக்குள்ள கிடக்கற சீட்டு அப்படியேதான் இருக்கும். ஆன் பண்றப்ப தானா விழுற 7 சீட்டையும் சேத்தா குறைஞ்சது 57. அத்தனையும் வெளிய எடுத்து, பின்னாடி மாக் போல் முத்திரை குத்தி, கறுப்பு கவர்ல போட்டு சீல் வைக்கணும், காலி பெட்டியை ஏஜெண்ட்டுங்களுக்குத் திறந்து காட்டணும். சர்டிபிகேட்டை அதுக்கு அப்புறம் நீட்டுங்க. நேரமாயிடுச்சுன்னு யார் கத்தினாலும் சரி.

கையெழுத்து போட்டுட்டு ஓட்டு போடாம போறவர்

வருவாங்க, நம்புங்க. 17-ஏல அவர் கையெழுத்துக்கு நேரா ஓட்டு போடலைன்னு அப்பவே எழுதிடுங்க. சாயங்காலம் எழுதிக்கலாம்னு விட்டீங்கன்னா மெஷின்ல ஒண்ணு குறையும், யாருன்னு ஞாபகம் வராது, ரிஜிஸ்டரை முதல் பக்கத்துல இருந்து புரட்டிட்டு உக்காந்திருக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா டோட்டலை ஒத்துப் பாத்துட்டா இந்த அவஸ்தை இல்ல.

தன் ஓட்டை யாரோ போட்டுட்டாங்கன்னு வர்றவர்

ஆள் அவர்தான்னு உறுதியானா மெஷின்ல விடாதீங்க. பேப்பர் பேலட் குடுத்து, 17-பி ஃபாரம்ல பதிஞ்சுக்கோங்க.

விவிபேட்டை ஜன்னல் வெளிச்சத்துல வைக்கிறது

வேண்டாம்.

6 மணி டோக்கன்

ஓட்டு முடியற 6 மணிக்கு வரிசைல நிக்கறவங்களுக்கு டோக்கனை வரிசையோட வால்ல இருந்து குடுத்துட்டு வாங்க. முன்னாடி இருந்து ஆரம்பிச்சா நீங்க பின்னாடி போய்ச் சேர்றதுக்குள்ள பத்து பேர் புதுசா வந்து நின்னுடுவாங்க, அப்புறம் யார் எப்ப வந்தாங்கன்னு பஞ்சாயத்து. கடைசி டோக்கன் ஆள் போட்டதும் க்ளோஸ் பட்டன், அதுக்கப்புறம் பதிவான ஓட்டுக் கணக்கை எழுதற 17-சி ஃபாரம். அதுல ஒரு காப்பி ஏஜெண்ட்டுங்க கையில குடுக்காம வண்டி ஏறாதீங்க.