ஏர்சாஃப்ட் கியர்பாக்ஸுக்கு எந்த எண்ணெய், எந்த கிரீஸ்? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

பேட்டரியில் இயங்கும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியின் (சிறு பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) உயிர் அதன் கியர்பாக்ஸில் இருக்கிறது. மோட்டார் மூன்று பற்சக்கரங்களைச் சுழற்ற, கடைசிச் சக்கரம் பிஸ்டனைப் பின்னால் இழுத்து ஸ்பிரிங்கை இறுக்குகிறது. அந்தச் சக்கரத்தின் ஒரு பகுதியில் மட்டுமே பற்கள் உண்டு; அவை முடிந்ததும் பிடி விடுபடுகிறது. ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ள, சிலிண்டருக்குள் இருந்த காற்று நாசில் எனும் குழாய்முனை வழியாகப் பாய்ந்து 6 மில்லிமீட்டர் குண்டைச் செலுத்துகிறது. உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றில் ரப்பர் உலோகத்தின் மீதும், உலோகம் உலோகத்தின் மீதும் உரசுகின்றன. அவற்றுக்கு அருகிலேயே மின்தொடர்புகளும் இருக்கின்றன. ஆகவே இவை அனைத்துக்கும் ஒரே எண்ணெய் பொருந்தாது.

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் முதன்முதலாக ஒரு கியர்பாக்ஸைப் பிரித்தபோது இதை நான் அறிந்திருக்கவில்லை. கையில் கிடைத்த தையல் மெஷின் எண்ணெயை எல்லாப் பாகங்களுக்கும் தாராளமாக விட்டேன். சில வாரங்கள் கழித்துத் திறந்து பார்த்தபோது, சுழற்சியில் எண்ணெய் முழுவதும் சக்கரங்களிலிருந்து சிதறிப்போயிருந்தது. பற்களில் துருவின் பழுப்பு நிறம் தெரிந்தது. சுடுவதற்கு அழுத்தும் விசைக்குப் (ட்ரிகர்) பின்னால் உள்ள மின்தொடர்பில் கரிய சேறு படிந்திருந்தது. மெல்லிய எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் நிற்பதில்லை. காசிமேட்டிலிருந்து வீசும் உப்புக்காற்றோ எஃகு வெறுமையாக இருப்பதைப் பொறுப்பதில்லை.

முதற்படி, பாதுகாப்பு. மேகசினைக் கழற்றி, குழலில் குண்டு எதுவும் இல்லை என்று உறுதிசெய்த பிறகு பேட்டரியை அகற்றுங்கள். ஸ்பிரிங் இறுகிய நிலையில் இருந்தால், சக்கரம் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் சிறு கொக்கியை விடுவித்து அதைத் தளர்த்த வேண்டும். கண்ணாடி அணியாமல் பெட்டியின் திருகைத் தொடாதீர்கள். ஸ்பிரிங் துள்ளி வந்தால் நேராக முகத்துக்குத்தான் வரும். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு நிலையையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பற்சக்கரங்களின் அச்சில் உள்ள மெல்லிய வளையங்கள் எந்தப் பக்கம் எத்தனை இருந்தன என்பது நினைவில் நிற்காது.

இரண்டாம் படி, பழைய கிரீஸை நீக்குவது. புதியதைப் பழையதன் மேலேயே பூசக் கூடாது. உலோகத் துகள்கள் கலந்த பழைய கிரீஸ் அரம்போல் வேலை செய்யும். உலோகப் பாகங்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, முழுவதும் உலரவிடுங்கள். பெட்ரோலும் அசிட்டோனும் வேண்டவே வேண்டாம். பாலிகார்பனேட்டில் செய்த பிஸ்டன் அவை பட்டால் விரிசல் காணும். டபிள்யூ.டி-40 துருப்பிடித்த திருகைத் தளர்த்த நல்லதுதான். ஆனால் அது பெரும்பாலும் ஆவியாகிவிடும் கரைப்பான். பற்சக்கரத்துக்குரிய கிரீஸின் இடத்தை அதனால் நிரப்ப முடியாது.

மூன்றாம் படி, ரப்பர் உள்ள இடங்கள். பிஸ்டன் தலையில் உள்ள ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்), சிலிண்டரின் உட்சுவர், நாசில் ஆகியவற்றுக்கு சிலிகோன் கிரீஸ் மட்டுமே. பெட்ரோலிய எண்ணெய் சில வகை ரப்பரை வீங்கச் செய்யும். நம் ஓ-ரிங் எந்த வகை ரப்பர் என்று உறையில் எழுதியிருப்பதில்லை என்பதால், ஐயத்துக்கு இடமில்லாத சிலிகோனே நல்லது. ஆர்.ஓ. குடிநீர்க் கருவி பழுதுபார்ப்பவர்கள் வடிகட்டி உறையின் ரப்பர் வளையத்துக்குத் தடவுவதும் இதே கிரீஸ்தான். ஆகவே அந்த உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். விரல்நுனியில் மெல்லிய பளபளப்பு தெரியும் அளவு போதும். பூசிய பின் பிஸ்டனை சிலிண்டருக்குள் செருகி, நாசில் துளையை விரலால் அடைத்து அழுத்துங்கள். காற்று கசியாமல் எதிர்த்து நின்றால் பாகம் சரியாக அடைக்கிறது என்று பொருள்.

நான்காம் படியில்தான் பலர் தவறுகிறார்கள். சிலிகோன் நல்லது என்று கேள்விப்பட்டு அதையே பற்சக்கரங்களுக்கும் பூசிவிடுகிறார்கள். எஃகுப் பற்கள் ஒன்றையொன்று அழுத்தும் இடத்தில் சிலிகோனின் படலம் கிழிந்துவிடும். அங்கே லித்தியம் கிரீஸ் வேண்டும். மாலிப்டினம் டைசல்பைடு கலந்ததாக இருந்தால் இன்னும் நன்று, ஏனெனில் கிரீஸ் பிதுங்கி வெளியேறிய பிறகும் அதன் நுண்தகடுகள் பற்களுக்கிடையே நின்று தேய்மானத்தைக் குறைக்கும்.

டப்பாவில் என்.எல்.ஜி.ஐ. என்ற எழுத்துகளுக்கு அருகே ஓர் எண் இருக்கும். அது கிரீஸின் கெட்டித்தன்மை. 000 கூழ்போல் ஓடும், 6 கட்டியாக நிற்கும். குளிர்நாடுகளில் மோட்டார் தடையின்றிச் சுழல இளக்கமான கிரீஸைப் பரிந்துரைப்பார்கள். மே மாதத்து வியாசர்பாடி வெயிலில் அதே கிரீஸ் இளகி மோட்டாரை நோக்கி வழியும். ஆகவே நம் ஊருக்கு 2 என்ற எண்ணையே நான் தேர்ந்தெடுக்கிறேன். பாரிமுனையைச் சுற்றியுள்ள பேரிங் கடைகளில் இந்த எண்ணைச் சொன்னாலே எடுத்துத் தருவார்கள். ஆனால் விசைப்படகுத் தண்டுக்குப் பூசும் பிசுபிசுப்பான கிரீஸை வாங்கிவிடாதீர்கள். இந்தச் சிறு மோட்டாருக்கு அது பெரும் சுமை. பல் துலக்கும் பழைய பிரஷால் ஒவ்வொரு பல்லுக்கும் எட்டுமாறு தடவுங்கள். தடவிய பின்னும் பல்லின் வடிவம் தெளிவாகத் தெரிய வேண்டும். பள்ளம் நிரம்பியிருந்தால் துடைத்து எடுங்கள். பிஸ்டனின் பல்வரிசைக்கும், ஸ்பிரிங்கின் மேற்பரப்புக்கும் இதே கிரீஸில் ஒரு மெல்லிய பூச்சு போதும்.

சக்கர அச்சின் முனை சுழலும் புஷ்ஷுக்கு (பெட்டிச் சுவரில் பொருத்திய சிறு வளையம்) மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு துளி.

எதையும் பூசக் கூடாத இடங்களும் உண்டு. விசையின் மின்தொடர்புகள், மோட்டாரின் கார்பன் பிரஷ் (மின்சாரத்தைக் கடத்தும் கரித்துண்டு) தொடும் பகுதி, குழலின் உட்புறம், குண்டுக்குப் பின்சுழற்சி தரும் ஹாப்-அப் ரப்பர் ஆகியவை உலர்ந்தே இருக்க வேண்டும். ஹாப்-அப் ரப்பர் உராய்வால்தான் வேலை செய்கிறது. அங்கே கிரீஸ் பட்டால் குண்டுகள் ஒரே வழியில் செல்லாது. கிராஃபைட் பொடி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அதைப் பெட்டிக்குள் சேர்க்கவே வேண்டாம்.

பெட்டியை மூடிய பின், குண்டு இல்லாமல் ஒற்றை ஒற்றையாகச் சில முறை இயக்கிக் கேளுங்கள். கீச்சென்ற ஒலி வந்தால் மேலும் கிரீஸ் சேர்க்காமல், வளையங்களின் இடைவெளியைச் சரிபாருங்கள். பற்கள் தவறாகப் பொருந்தியிருப்பதை எந்தக் கிரீஸும் சரிசெய்யாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், டிசம்பர் இறுதியில் ஒருமுறை திறந்து துரு இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இருப்பவர்கள் மழைக்கு முன்பும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.